நாற்பத்தொன்றும் நாற்பத்திரண்டும்

நான் வேலை பார்த்த துறையில் புது இயந்திரம் வாங்கியிருக்கிறார்கள். கண்ணாடித் தகட்டை உள்ளே தள்ளினால் போதும். ஆயிரக்கணக்கான கொழுப்புச் செல்களை அதுவே படம்பிடித்து, ஒவ்வொன்றின் குறுக்களவையும் கணித்து, சராசரியையும் திரையில் காட்டிவிடுமாம். என் இடத்தில் இப்போது இருக்கிற நிவேதா போன மாதம் போன் செய்தாள்.

"சார், கையால அளந்த காலத்தப் பத்தி நம்ம டிபார்ட்மெண்ட் மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தாங்க. ஜூனியர்ஸ் படிக்கட்டும்."

சரி என்று சொல்லிவிட்டேன். மூன்று தடவை எழுதினேன். மூன்றும் பெருமைப் பேச்சாகவே வந்தது. என் கை எவ்வளவு நிதானம், என் கண் எவ்வளவு கூர்மை என்று. கிழித்துப் போட்டேன். பத்து நாளாக எழுதுவதும் எழுந்து நடப்பதும் வாசல் வரை போய்த் திரும்புவதுமாக இருக்கிறேன். என் மனைவி கேட்டாள், "என்னத்த தொலைச்சீங்க?" என்று. எதைச் சொல்லாமல் மற்றதையெல்லாம் எழுதுகிறேனோ அதுதான் உட்கார விடமாட்டேன் என்கிறது. ஆகவே அதையே எழுதிவிடுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம்.

திருமானூர்ப் பக்கம் நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பம் எங்களுடையது. திருச்சியில் இரண்டு வருஷம் லேப் டெக்னீஷியன் படிப்பு, அரியலூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் கொஞ்ச காலம், அப்புறம் பெரம்பலூர்ப் பக்கம் ஒரு மருத்துவக் கல்லூரி. ஓய்வு பெறும் வரை அங்கேதான். "வேலாயுதம் பாத்த ரிசல்ட்டா? அப்பத் திரும்பப் பாக்க வேணாம்" என்று டாக்டர்கள் சொல்வார்கள். அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்கு ஒரு மிதப்பு வந்திருந்தது. அதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது.

டாக்டர் சுகந்தி எங்கள் துறைக்கு வந்தபோது எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அவர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். லேபுக்குள் வந்தால் உட்காரவே மாட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு நின்றபடியே எல்லாவற்றையும் பார்ப்பார். குரல் உயராது. யார் எதைச் சொன்னாலும் ஒரே கேள்விதான்: "எப்படித் தெரியும்?" தண்ணீர் முப்பத்தேழு டிகிரியில் இருக்கிறது மேடம் என்றால், எப்படித் தெரியும் என்பார். தெர்மாமீட்டரைக் காட்டினால், அது சரியாகக் காட்டுகிறது என்று எப்படித் தெரியும் என்பார். முதல் மாதம் எரிச்சலாக இருந்தது. பிறகு, அவர் கேட்கும் முன்பே பதிலோடு நிற்கப் பழகிக்கொண்டேன்.

அவர் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி இதுதான். உடம்பில் கொழுப்பு சேரும்போது சிலருக்குப் புதிதாகச் சின்னச் சின்னச் செல்கள் உண்டாகி அதை வாங்கிக்கொள்கின்றன. சிலருக்குப் புதுச் செல் அவ்வளவாக உண்டாவதில்லை. இருக்கிற செல்களே ஊதிப் பெரிதாகின்றன. ஊதிப்போன செல், இன்சுலின் சொல்வதைச் சரியாகக் கேட்காது; அதை ஈடுகட்ட உடம்பு இன்னும் அதிகமாக இன்சுலினைச் சுரக்கும். அதற்கு மேல் வருகிற கொழுப்பு ஈரலிலும் தசையிலும் போய்த் தங்கும். சர்க்கரை நோய்க்கு அது ஒரு வழி. நம் பக்கத்தில் வெயிலில் நாளெல்லாம் வேலை செய்கிற ஒல்லியான ஆட்களுக்கும் சர்க்கரை வருகிறதே, அவர்களுடைய செல் எப்படி இருக்கிறது என்று பார்க்க நினைத்தார் டாக்டர்.

தொப்புளுக்குப் பக்கத்தில் மரத்துப்போக ஊசி போட்டு, இன்னொரு தடித்த ஊசியால் கொஞ்சமாகக் கொழுப்பை உறிஞ்சி எடுப்பார். சுண்டைக்காய் அளவு இருக்கும். அதில் ஒரு துணுக்கை டாக்டரே கெடாமலிருக்க ஃபார்மலினில் போட்டு, தன் கையாலேயே நம்பர் எழுதி, மெழுகுக் கட்டியாக்கி வைக்க அனுப்பிவிடுவார். மீதி ஒரு குப்பியில் என்னிடம் வரும். நான் அதை வெதுவெதுப்பான உப்புநீரில் கழுவி, ரத்தம் போனபின், கத்தரிக்கோலால் பொடியாக நறுக்கி, என்சைம் விட்டு, குலுங்குகிற வெந்நீர்த் தொட்டியில் ஒரு மணி நேரம் வைப்பேன். செல்களைக் கட்டி வைத்திருக்கும் நார் கரைந்துவிடும். மெல்லிய வலைத்துணியில் வடித்தால், செல்கள் ரசத்தில் எண்ணெய் மிதப்பது மாதிரி மேலே வந்து நிற்கும். அதில் ஒரு சொட்டை எடுத்துத் தகட்டில் விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் வெந்த ஜவ்வரிசிதான். உருண்டை உருண்டையாக, ஒளி ஊடுருவுகிற மாதிரி. உடைந்த செல்லிலிருந்து சிந்திய எண்ணெய்த் துளியும் உருண்டையாகவே தெரியும். அதன் விளிம்பு மட்டும் அளவுக்கு மீறிப் பளபளக்கும். அதை அளந்துவிடக் கூடாது.

கண்ணில் வைக்கிற லென்ஸுக்குள் ஒரு சின்ன அளவுகோல் உண்டு. ஒரு ஆளுக்கு இருநூறு செல். தகட்டை இடமிருந்து வலமாக வரிசையாக நகர்த்தி, அளவுகோலைத் தொடுகிற எல்லாவற்றையும் அளக்க வேண்டும். டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார்: "புடிச்சத அளக்காதீங்க வேலாயுதம். வந்தத அளங்க."

யாருடைய குப்பி என்று எனக்குத் தெரியக் கூடாது, நம்பர்தான் தெரிய வேண்டும் என்பது விதி. ஆனால் ஆள் பற்றாக்குறையில், ஊசி போடும்போது உதவிக்கு நானே நிற்பேன். ஆக, எனக்குத் தெரியும்.

அந்த வைகாசியில் ஒரே நாளில் இரண்டு பேர் வந்தார்கள். நாற்பத்தொன்று, உடையார்பாளையத்தில் முந்திரி வியாபாரம் செய்கிற கலியமூர்த்தி. நல்ல பருமன். படுக்கவும் எழவும் இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது. நாற்பத்திரண்டு, குன்னத்துக்குக் கிழக்கே ஒரு ஊரிலிருந்து வந்த செல்லம்மாள். வெங்காயக் காட்டிலும் பருத்திக் காட்டிலும் கூலி வேலை. முப்பத்தெட்டு வயது. கன்னம் ஒட்டி, கை குச்சியாக இருந்தது. டாக்டர் வயிற்றில் மடிப்பைப் பிடித்ததும் சிரித்தார்.

"கொழுப்பா? எங்கிட்டயா? தேடித்தான் புடிக்கணும் மேடம்."

"கெடைக்கும், கெடைக்கும். பயப்படாம படுங்க."

"பயமில்ல மேடம். எங்கம்மாவும் என்னாட்டந்தான் ஒல்லி. சக்கரையிலதான் போச்சு. அதான் எனக்கு இருக்கான்னு பாத்துக்கலாம்னு வந்தேன்."

இதை நான் என் காதால் கேட்டேன். செல்லம்மாளின் தலைமாட்டில் தட்டை ஏந்திக்கொண்டு நின்றிருந்தேன்.

மத்தியானம் இரண்டு குப்பியையும் ஒன்றாகக் கழுவிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. ஜெனரேட்டர் போடச் சொல்ல ஓடினேன். திரும்பி வந்து வேலையைத் தொடர்ந்தேன். சாயங்காலம் அளந்தால், நாற்பத்தொன்றில் செல்கள் சின்னச் சின்னதாக இருந்தன. சராசரி எண்பத்து நாலு மைக்ரான். நாற்பத்திரண்டில் ஒவ்வொன்றும் பெரிய உருண்டை. நூற்றுப் பதினெட்டு.

இந்தக் குச்சி உடம்பிலா இவ்வளவு பெரிய செல்? அந்தப் பருத்த உடம்பிலா இவ்வளவு சின்னது? கரண்ட் போன குழப்பத்தில் குப்பியை மாற்றி வைத்துவிட்டேன் என்று தோன்றியது. மாற்றினேனா, இல்லையா? என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. அந்த நிமிஷமே போய், "மேடம், இதுல எனக்குச் சந்தேகமா இருக்கு" என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் என்ன ஆகும்? இரண்டையும் ஒதுக்கிவிட்டு மறுபடியும் ஊசி போடலாமா என்று கேட்பார். வேலாயுதம் குப்பியை மாற்றிவிட்டான் என்று ஆகும். முப்பது வருஷத்தில் அப்படி ஒரு பேச்சு வந்ததில்லை.

நான் பதிவேட்டை எடுத்தேன். நாற்பத்தொன்றுக்கு நேராக நூற்றுப் பதினெட்டு என்றும், நாற்பத்திரண்டுக்கு நேராக எண்பத்து நாலு என்றும் எழுதினேன். எழுதி முடித்ததும் எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரிந்தது. குண்டு ஆளுக்குப் பெரியது, ஒல்லி ஆளுக்குச் சின்னது. பார்க்கிற எவருக்கும் சந்தேகம் வராது.

எங்கள் ஆராய்ச்சியில் ஒரு ஏற்பாடு இருந்தது. செல் பெரிதாக இருப்பவர்களைத் திரும்ப அழைத்து, குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்து ரத்தம் பார்ப்போம். மற்றவர்களுக்கு, இப்போதைக்குக் கவலை இல்லை, ஒரு வருஷம் கழித்து வாருங்கள் என்று ஒரு தாள் அனுப்புவோம். தாளை எழுதுவதும் என் வேலைதான். கலியமூர்த்தியை அழைத்தோம். அவருக்கு ஒரு குறையும் இல்லை. டாக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நல்லதுதான்" என்றார். செல் பெரிதாக இருப்பதால் சாப்பாட்டில் கட்டுப்பாடாக இருக்கச் சொல்லி அனுப்பினார். செல்லம்மாளுக்குத் தாள் போனது.

இன்சுலின் அளவு பார்க்க எல்லாருடைய ரத்தத்தையும் உறையவைத்து வெளியூர் லேபுக்கு மொத்தமாக அனுப்பியிருந்தோம். எட்டு மாதம் கழித்து, தை மாதம் அது வந்தது. டாக்டர் ஒரு கட்டம் போட்ட தாளில் பென்சிலால் புள்ளி வைத்தார். கிடையாகச் செல்லின் அளவு, மேல்நோக்கி இன்சுலின். புள்ளிகள் எல்லாம் ஏறுகிற பாதை மாதிரி இடமிருந்து வலமாக மேலே போயின. இரண்டு மட்டும் தனியாக நின்றன. ஒன்று மேலே இடது ஓரத்தில், இன்னொன்று கீழே வலது ஓரத்தில்.

"பாத்தீங்களா வேலாயுதம்? இந்த ரெண்டு பேரோட செல் அளவை மட்டும் எடம் மாத்திப் போட்டா, ரெண்டு புள்ளியும் பாதையில வந்து உக்காந்துரும். வேடிக்கையா இல்ல?"

என்னைக் குற்றம் சாட்டும் நோக்கம் அவருக்கு இல்லை. உண்மையாகவே வியப்பாகத்தான் சொன்னார். "ஆமாங்க மேடம்" என்றேன்.

அதன்பின் இரண்டு நாள் நான் இருந்த இருப்பைச் சொல்லி மாளாது. பஸ்ஸில் உட்கார்ந்தால் இரண்டு நிறுத்தம் முன்பாகவே எழுந்து நின்றேன். சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்தேன். சுண்ணாம்புக்கல் லாரிகள் போய்க்கொண்டிருந்த அரியலூர் ரோட்டில், எங்கே போகிறோம் என்று தெரியாமலே வெகுதூரம் நடந்தேன். குப்பி மாறவே இல்லை என்பது இப்போது தெளிவாகிவிட்டது. மாறியது என் புத்திதான். மூன்றாம் நாள் காலை டாக்டர் அறைக்குப் போனேன். பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் பேனாவை மூடினார்.

"ஒரு தடவைதானா?"

"ஒரு தடவைதாங்க மேடம். சத்தியமா."

"எனக்கு எப்படித் தெரியும்?"

அழுகை வந்தது.

"இப்ப அதுக்கு நேரமில்ல வேலாயுதம். செல்லம்மாளோட போன் நம்பர எடுங்க."

அவர் செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன். பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். தவறான எண்கள் மேல் ஒரே கோடு போடச் சொன்னார், அடியில் எழுதியிருப்பது படிக்கும்படி. பக்கத்தில் சரியான எண், காரணம், தேதி, என் கையெழுத்து. பிறகு அவர் கையெழுத்து. கல்லூரியின் நெறிமுறைக் குழுவுக்கு அன்றே கடிதம் எழுதினார். அடுத்து, தன் கையால் நம்பர் எழுதி வைத்த மெழுகுக் கட்டிகளை வரவழைத்தார். நாற்பத்தொன்றும் நாற்பத்திரண்டும் மட்டுமல்ல, நான் அளந்த அத்தனை பேருடைய கட்டிகளையும். அவற்றைச் சீவி, சாயமேற்றி, பக்கத்து லேப் டெக்னீஷியன் மேரியிடம் பெயரில்லாமல் கொடுத்து அளக்கச் சொன்னார். மெழுகில் செல் கொஞ்சம் சுருங்கும், ஆனாலும் பெரியது பெரியதாகவே தெரியும். மேரி அளந்து முடிக்க ஒன்றரை மாதம் ஆனது. மற்ற எல்லாம் என் அளவோடு ஒத்துப்போயின. நாற்பத்திரண்டில் பெரிய செல்கள்தான் இருந்தன.

ஆனால் நாங்கள் அதுவரை காத்திருக்கவில்லை. முதலில் கலியமூர்த்திக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப எட்டு மாசமா நான் கம்பங்கூழு குடிச்சதெல்லாம் வீணா சார்?"

டாக்டர் போனை வாங்கி, "வீணில்லீங்க, எடை குறைஞ்சிருக்குமே. மூட்டுக்கு நல்லது. தப்பு எங்க பேர்ல, மன்னிச்சுக்குங்க" என்றார். அந்த மனிதர் சிரித்துவிட்டார். அதோடு அது முடிந்தது.

செல்லம்மாள் கொடுத்திருந்த நம்பர் பக்கத்து வீட்டுக்காரருடையது. அது அணைந்து கிடந்தது. மறுநாள் அவர் ஊருக்கே போனேன். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டம்மா, "அவங்க கரும்பு வெட்டப் போயிட்டாங்களே, திருமானூர்ப் பக்கம். மாசி முடிஞ்சுதான் வூட்டுக்கு வருவாங்க" என்றார். என் சொந்த ஊர்ப் பக்கம்! அங்கிருந்து பஸ் மாறி மாறிப் போய், இரண்டு நாள் கொள்ளிடக்கரைக் கரும்பு வயல்களில் விசாரித்து அலைந்தேன். யாரோ வெங்கனூர் பக்கம் என்றார்கள், யாரோ அதற்கும் அந்தப் பக்கம் என்றார்கள். கடைசியில் ஒரு வாய்க்கால் ஓரத்துக் கொட்டகையில் கண்டேன். எல்லாரும் வெட்டப் போயிருந்தார்கள். செல்லம்மாள் மட்டும் காலை நீட்டி உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். இடது காலில் துணி சுற்றியிருந்தது. கிட்டே போகும்போதே வாடை வந்தது.

"வாங்க சார். எங்க இந்தப் பக்கம்?"

"காலுல என்னம்மா?"

"காஞ்ச கரும்புச் சோகை கிழிச்சிருச்சு. ஒரு மாசமாவுது, ஆற மாட்டேங்குது."

பையில் சர்க்கரை பார்க்கிற சின்ன மெஷினைக் கொண்டுபோயிருந்தேன். விரலில் குத்திப் பார்த்தேன். முந்நூற்றைத் தாண்டிக் காட்டியது. "ஒடனே ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்கம்மா, சக்கரை ரொம்ப இருக்கு" என்றேன். செல்லம்மாள் நம்பவில்லை.

"இல்லியே சார். எனக்குத்தான் ஒண்ணுமில்லன்னு காயிதம் குடுத்தீங்களே?"

எழுந்து நொண்டிக்கொண்டே உள்ளே போய், பிளாஸ்டிக் கவரில் மடித்து வைத்திருந்த அந்தத் தாளைக் கொண்டுவந்து நீட்டினார். கரும்பு வெட்ட வந்த இடத்துக்கும் அதை எடுத்துவந்திருந்தார். என் கையெழுத்து. கோணல் இல்லாமல், அழகாக இருந்தது.

டாக்டர் கார் அனுப்பினார். இரண்டு கால்விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. காலைக் காப்பாற்றிவிட்டார்கள். வார்டுக்கு வெளியே டாக்டரைக் கேட்டேன், "என்னாலதானா மேடம்?"

"அது யாருக்கும் தெரியாது. கூப்பிட்டுப் பாத்திருந்தா, அப்பவே கண்டுபுடிச்சிருக்கலாம். அது மட்டுந்தான் தெரியும்." பிறகு சொன்னார்: "உள்ள போய் நீங்கதான் சொல்லணும். நானும் கூட வரேன்."

கட்டிலுக்குப் பக்கத்தில் செல்லம்மாளின் கணவரும் இருந்தார். நான் சொன்னேன். என்ன வந்தது, என்ன எழுதினேன், ஏன் எழுதினேன். கணவர் எழுந்துவிட்டார். கை ஓங்குவார் என்றே நினைத்தேன். செல்லம்மாள் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். என்னைப் பார்த்துக் கேட்டார்:

"ஒல்லியா இருக்கிறவளுக்கு வராதுன்னு நெனச்சீங்களா சார்? எங்கம்மாவப் பத்தித்தான் அன்னிக்கே சொன்னேனே."

"சொன்னீங்கம்மா. கேட்டேன்."

"கேட்டுமா மாத்துனீங்க?"

ஆமாம் என்று தலையாட்டினேன். செல்லம்மாள் கட்டுப் போட்ட காலைப் பார்த்தபடி இருந்தார்.

டாக்டர் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. மன்னித்ததாகவும் ஒரு நாளும் சொல்லவில்லை. ஆராய்ச்சி அறிக்கையில் இந்தத் தவறு நடந்ததையும் திருத்திய விதத்தையும் ஒரு பத்தி எழுதினார். அதனால் அது வெளிவர ஒரு வருஷம் தள்ளிப்போனது. அதற்குப் பிறகு எங்கள் லேபில் குப்பிக்கு நம்பர் ஒட்டும்போது இரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள், ஊசி போடும் இடத்துக்கு அளக்கிற ஆள் போகவில்லை. நான் இன்னும் எத்தனையோ பேருடைய செல்லை அளந்தேன். ஒவ்வொரு தடவையும் எண்ணை எழுதிய பிறகு மறுபடியும் தகட்டுக்குப் போய்ப் பார்த்தேன். திரும்பி வந்து எண்ணைப் பார்த்தேன். மறுபடியும் தகட்டுக்குப் போனேன். ஓய்வு பெறும் நாள் வரை அது நிற்கவில்லை.

ஓய்வு பெறுவதற்கு முந்தின வருஷம், முதல் ஆராய்ச்சியில் பெரிய செல் இருந்தவர்களின் பிள்ளைகளையும் பார்க்கலாம் என்று டாக்டர் அடுத்த கட்டத்தைத் தொடங்கினார். செல்லம்மாள் வந்தார். சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. கன்னம் கொஞ்சம் தெளிந்திருந்தது. தனியாகத் தைத்த செருப்பு போட்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்து வந்தார். கூடவே மகள். அரியலூரில் காலேஜ் இரண்டாம் வருஷம் படிக்கிற பெண். அம்மாவைப் போலவே மெலிந்த கைகள்.

"நல்லாருக்கீங்களா சார்? வூட்ல எல்லாரும் சொகமா?" என்று என்னைத்தான் முதலில் கேட்டார் செல்லம்மாள். நல்லா இருக்கோம்மா என்றேன். பிறகு அவர் டாக்டர் பக்கம் திரும்பினார்.

"இவளையும் அளந்து பாத்துருங்க மேடம். எது இருந்தாலும் இப்பவே தெரிஞ்சுக்கறோம்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "ஆனா சார் வேணாம். வேற யாராச்சும் பாக்கட்டும்" என்றார்.

குரலில் கோபம் இல்லை. டீயில் சர்க்கரை வேண்டாம் என்று சொல்வது போலச் சொன்னார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் பக்கத்து லேபுக்குப் போய் மேரியை வரச் சொல்லிவிட்டு, வராந்தாவின் கடைசி வரை போய் நின்றேன். திரும்பி நடந்தேன். மறுபடியும் கடைசி வரை போனேன். அன்று சாயங்காலம் வரை அப்படித்தான்.

அந்தப் பெண்ணுடைய அளவு எவ்வளவு வந்தது என்று இன்று வரை எனக்குத் தெரியாது. மேரியைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். நான் கேட்கவில்லை.